ஸ்க்ரமா, கான்பனா, எக்ஸ்பியா? துறைமுகத்தை நம்பி ஓடும் கம்பெனிகளுக்கு எது சரிப்படும்

வட சென்னையில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றாலே பலர் புருவத்தை உயர்த்துவார்கள். ஓஎம்ஆரில் இருப்பது போன்ற கண்ணாடிக் கட்டடங்கள் இங்கே இல்லைதான். ஆனால் திருவொற்றியூர், மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகள், மண்ணடி, லிங்கிச் செட்டித் தெரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள், மணலியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் எனப் பல இடங்களில் 'சிஸ்டம்ஸ்' என்று ஓர் அறை இருக்கும். உள்ளே ஐந்தாறு பேர். கேட் பாஸ், பில்லிங், எடைமேடை, டிரைவர் ஆப் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

இப்போது அந்த அறைக்கும் 'நாமும் அஜைலுக்கு மாறணும்' என்ற பேச்சு வந்துவிட்டது. அஜைல் என்றால் மென்பொருளைச் சின்னச் சின்னத் தவணையாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவது. அந்தப் பேச்சை வெளிநாட்டில் படித்துத் திரும்பிய முதலாளி மகள் கொண்டுவருவார், இல்லையென்றால் ஏதாவது ஆடிட்டில் கேட்பார்கள். அடுத்த வாரமே ஒருவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவர் ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது ஸ்க்ரம் என்ற அஜைல் முறையை நடத்திக்கொடுப்பவராகத் திரும்பி வருவார். வேறு வழிகளும் உண்டு என்று யோசிப்பதற்குள் தினசரிக் கூட்டம் ஆரம்பித்திருக்கும்.

அஜைல் என்பது ஒரே முறை அல்ல. ஸ்க்ரம், கான்பன், எக்ஸ்பி என அதில் பல உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையில் இருப்பது 4 மதிப்புகளும் 12 கொள்கைகளும்தான். ஸ்பிரின்ட் (கெடு வைத்த வேலைச் சுற்று), ஸ்டாண்ட்-அப் (தினசரிக் கூட்டம்), ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பெண்) எதுவும் அதில் கிடையாது. அவையெல்லாம் வெவ்வேறு முறைகளின் சரக்கு. அந்த முறைகளில் சில அறிக்கைக்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. ஆகவே 'அஜைல் வேண்டுமா' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. உங்கள் அறைக்கு வேலை எப்படி வருகிறது, அதற்கு 'இப்போது முடியாது' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பதைப் பாருங்கள். எந்த முறை என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

ஸ்க்ரம்: யார் 'இல்லை' சொல்வது?

ஸ்க்ரமை கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ ஒரு ஸ்பிரின்ட், ஆரம்பத்தில் திட்டமிடல், தினமும் 15 நிமிடக் கூட்டம், கடைசியில் செய்ததைக் காட்டும் ரிவ்யூ, அதன்பின் எப்படி வேலை செய்தோம் என்று பேசும் ரெட்ரோ. குழு பத்துப் பேருக்குள். படிக்க எளிது, ஒரு மதிய நேரம் போதும்.

சிக்கல் இருப்பது பிராடக்ட் ஓனர், அதாவது எந்த வேலை முதலில் என்று முடிவெடுப்பவர் என்ற இடத்தில். ஸ்க்ரம் கையேடு இதில் கறாராகவே இருக்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒருவர், கமிட்டி அல்ல. அவர் முடிவை மொத்த நிறுவனமும் மதிக்க வேண்டும். நம்ம ஊர் யார்டு கம்பெனியில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஒன்று கேட்பார். அக்கவுண்ட்ஸில் இருந்து வேறொன்று வரும். கேட்டில் இருக்கும் சூப்பர்வைசர் நேராக புரோகிராமருக்கே போன் போடுவார். மாலையில் முதலாளி எட்டிப் பார்த்து, "தம்பி, இது ரெண்டு நிமிஷ வேலதானே?" என்பார். அந்த ரெண்டு நிமிஷ வேலை இரண்டு நாள் தின்னும். ஸ்பிரின்ட் இலக்கு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பிராடக்ட் ஓனர் என்ற பட்டத்தை அணியிலேயே மூத்தவருக்குக் கட்டிவிட்டால் பிரச்சினை தீராது, கூடும். முதலாளிக்கு 'அடுத்த வாரம் சார்' என்று சொல்ல முடியாதவர் அந்த வேலையைச் செய்ய முடியாது.

வேலை வரும் விதமும் ஒரு பிரச்சினை. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி முடித்தபோது, 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கும் 18க்கும் நகர்ந்தன. அமல் தேதி செப்டம்பர் 22. இடையில் 19 நாள். நடு ஸ்பிரின்டில் இருந்தவர்கள் திட்டத்தைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. இதாவது பரவாயில்லை. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் சுங்க வரி மாறினால் பெரும்பாலும் மறுநாளே அமல். 'அடுத்த ஸ்பிரின்டில் எடுத்துக்கறோம்' என்று கஸ்டம்ஸிடம் சொல்ல முடியுமா?

ஆனாலும் ஸ்க்ரமை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். புதிதாக ஒன்றைக் கட்டும்போது அதற்கு ஈடானது குறைவு. முக்கியமாக ரிவ்யூ. டிரைவர்களுக்கும் கேட் ஊழியர்களுக்குமான ஆப் ஒன்றின் முதல் ரிவ்யூவில் யார்டு சூப்பர்வைசரை உட்கார வைத்திருந்தார்கள். அணியினர் ஏசி அறையில், பெரிய திரையில், அழகான சாம்பல் எழுத்துகளோடு காட்டினார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை வாங்கி, பாக்கெட்டில் இருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஏம்மா, கிளவுஸ் போட்டுக்கினு இத எப்படிமா அமுக்கறது?" பட்டன் அவர் விரலில் பாதிகூட இல்லை. அமுக்கினால் மூன்றும் சேர்ந்து அமுங்கியது. அடுத்த இரண்டு வாரத்தில் அந்தத் திரையில் இருந்த ஒன்பது விஷயங்கள் மூன்றாகக் குறைந்தன. முந்நூறு பக்கத் தேவை ஆவணம் எழுதியிருந்தாலும் கையுறை அதில் வந்திருக்காது.

கான்பன்: கேட்டுக்கு முன்னால் நிற்கும் வரிசை

கான்பன் டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ உருவாக்கியது. சாஃப்ட்வேருக்கு அதைக் கொண்டுவந்தவர் டேவிட் ஆண்டர்சன். 2004இல் அவர் அதைத் தொடங்கிய இடம் மைக்ரோசாஃப்டின் உள் பயன்பாட்டு மென்பொருளைப் பராமரித்த ஒரு குழு. அந்தக் குழு உட்கார்ந்து வேலை பார்த்தது ஹைதராபாத்தில். புதுப் பொருள் செய்யும் குழு அல்ல, பழைய மென்பொருளில் வரும் குறைகளையும் சின்னச் சின்ன மாற்றங்களையும் பார்க்கும் குழு என்பதைக் கவனியுங்கள். நம் சிஸ்டம்ஸ் அறைக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடையாது.

இதில் ஸ்பிரின்ட் இல்லை, புதிய பட்டங்கள் இல்லை. இப்போது எப்படி வேலை செய்கிறீர்களோ அதை அப்படியே, ஒரு வேலைக்கு ஒரு தாள் என்று பலகையில் போடுங்கள், கையில் இருக்கும் வேலைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், அவ்வளவுதான். அந்த உச்சவரம்பில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துறைமுகத்தின் ஜீரோ கேட் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டியை விடுமோ அத்தனைதான் விடும். வரிசையில் இன்னும் ஐம்பது வண்டியைச் சேர்த்தால் கேட் வேகமாகாது, கடைசி வண்டிக்காரர் இன்னொரு வேளைச் சாப்பாட்டை ரோட்டில் சாப்பிடுவார். இதையே ஜான் லிட்டில் 1961இல் கணிதமாக நிரூபித்தார். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலை முடியச் சராசரியாக ஆகும் காலம் வரும். பன்னிரண்டு வேலையைத் திறந்து வைத்து வாரத்துக்கு மூன்று முடித்தால் நான்கு வாரம். ஆறை மட்டும் திறந்து வைத்தால் அதே ஆட்கள், அதே மூன்று, ஆனால் இரண்டு வாரம்.

முதலாளிகளுக்கு இது கசக்கும். ஆள் சும்மா இருப்பது போலத் தெரியும். ஒரு வேலை சோதனையில் மாட்டிக்கொண்டு உச்சவரம்பும் நிரம்பிவிட்டால், புரோகிராமர் புது வேலையை எடுக்காமல் சோதனைக்குக் கைகொடுக்க வேண்டும். 'அவர் டெஸ்டர் இல்லையே' என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியைத் தாண்டினால்தான் கான்பன், இல்லையென்றால் அது சுவரில் ஒட்டிய கலர் காகிதம்.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்று ரொம்ப மெனக்கெட வேண்டாம். 'வந்தது', 'எடுத்தாச்சு', 'சோதனை', 'போயாச்சு' என்று நான்கு கட்டம் போதும். 'எடுத்தாச்சு' மேலே 3 என்று பெரிதாக எழுதுங்கள். அவசரத்துக்குத் தனி வரிசை ஒன்று, அதில் ஒரே ஒரு தாளுக்குத்தான் இடம். முதலாளி இரண்டாவது அவசரத்தைக் கொண்டுவந்தால் 'எதை இறக்கட்டும் சார்?' என்று அவரிடமே கேட்கலாம். வாயால் 'இல்லை' சொல்ல முடியாத அலுவலகங்களில் இந்த ஒற்றை இடம் அதைச் சொல்லிவிடும். ஸ்க்ரமில் மனிதர் செய்ய வேண்டியதை இங்கே பலகை செய்கிறது. நான் கான்பன் பக்கம் சாய்வதற்கு உண்மையான காரணம் இதுதான்.

குறையும் உண்டு. தினசரி குறைகளிலேயே பொழுது போய், பெரிய வேலை ஒன்று 'வந்தது' கட்டத்திலேயே மஞ்சளேறிக் கிடக்கும். ஸ்க்ரம் அதற்கு ஒரு கெடு கொடுத்திருக்கும். மூன்று இடத்தில் ஒன்றைப் பெரிய வேலைக்கென்று ஒதுக்கி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

எக்ஸ்பி: யாரும் கேட்காதது, எல்லோருக்கும் தேவையானது

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் 1990களின் நடுவில் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் கென்ட் பெக் வளர்த்தெடுத்தது. மேலே சொன்ன இரண்டும் வேலையை எப்படி நகர்த்துவது என்று பேசும். கோடை (அதாவது நிரலை) எப்படி எழுதுவது என்று பேசுவது இது மட்டும்தான். சோதனையை முதலில் எழுது, இருவராக உட்கார்ந்து எழுது, எழுதியதை அன்றாடம் ஒன்றுசேர்.

கன்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றில் இருந்து கணக்கிட்டு வருவது. விளக்கங்களில் வழக்கமாக வரும் சிஎஸ்கியூயூ 3054383 என்பது சரியான எண். கேட்டில் அவசரத்தில் 3504383 என்று தட்டினால் கணக்கு 8 என்று வரும், மறுத்துவிட வேண்டும். இந்த இரண்டையும் சோதனையாக எழுதிவிட்டுக் கோடை எழுதினால் ஒரு நாளில் முடியும். மூன்றாவது சோதனைதான் பலர் விடுவது: அந்தக் கடைசி இலக்கக் கணக்கில் 11ஆல் வகுத்து மீதி 10 வந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை விட்டால் சில நல்ல கன்டெய்னர்கள் கேட்டில் நிற்கும். டிரைவர் கத்துவார். காரணம் தெரியாமல் யாராவது அந்தச் சரிபார்ப்பையே நிறுத்தி வைப்பார்கள். இதே போல கிரவுண்ட் ரென்ட், அதாவது யார்டில் கன்டெய்னர் கிடக்கும் நாட்களுக்கான வாடகைக் கணக்கு. ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாட்கள்) முடிந்து எந்த நாளில் எந்த ஸ்லாப் (வாடகை அடுக்கு) என்பதில் ஒரு நாள் பிசகினால் பில் தப்பு, வாடிக்கையாளரோடு சண்டை.

ஜோடியாக எழுதுவதற்குத்தான் எதிர்ப்பு வரும். 'ரெண்டு சம்பளம், ஒரு கம்ப்யூட்டரா?' நியாயமான கேள்விதான், நாள் முழுக்க அப்படி உட்காரச் சொல்லி நானும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பில்லிங் கோடு ஒரே ஒருவர் தலையில் இருந்து, அவர் சிறுசேரிக்கோ துபாய்க்கோ போய்விட்டால் ஆகும் செலவை எந்த முதலாளியும் கணக்குப் போடுவதில்லை. அந்தக் கோடுக்கு மட்டுமாவது இருவர் உட்காருங்கள்.

மற்றவை

பல அஜைல் அணிகளை ஒன்றாக ஓட்டுவதற்கான சேஃப் என்ற பெரிய சட்டகத்தைப் பற்றி யாராவது ஸ்லைடு போட்டால் டீ சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது 50 முதல் 125 பேர் கொண்ட அணித்தொகுப்பை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் அறையில் நாற்காலியே ஆறுதான்.

ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகும் பழைய வாட்டர்ஃபாலைத் திட்டுவது ஃபேஷன். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் அந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்த கட்டுரையிலேயே, இப்படியே செய்தால் ஆபத்து என்றும் சொல்லியிருக்கிறார். அதைப் பலரும் படிப்பதில்லை. ஆனால் அரசு, பொதுத்துறை டெண்டர் எடுத்தால் மைல்ஸ்டோனுக்கு மைல்ஸ்டோன் கையெழுத்தும் பணமும் வரும். ஆவணம் இல்லாமல் அங்கே பில் பாஸ் ஆகாது. அதற்கு வெளியே வாட்டர்ஃபால் தாள்களைக் கொடுத்துவிட்டு, உள்ளே கான்பன் பலகையில் வேலை செய்வதில் பொய் எதுவும் இல்லை. ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு உருப்படியும் பலகையில் ஒரு தாள், அவ்வளவுதான்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், பலகையும் உச்சவரம்பும் முதலில், யார் பதவிப் பெயரையும் மாற்றாமல். அது பழகியதும் பணம் சம்பந்தப்பட்ட கோடைச் சுற்றி எக்ஸ்பியின் சோதனைகள். புதிதாக ஒரு ஆப் கட்டும் நாள் வந்து, அதற்கு 'இல்லை' சொல்லக்கூடிய ஒருவரும் கிடைத்தால், அந்த வேலைக்கு மட்டும் ஸ்க்ரம். ரிவ்யூவை மட்டும் அதற்குக் காத்திருக்காமல் இப்போதே கடன் வாங்கிக்கொள்ளலாம்.

தினசரிக் கூட்டத்தில் ஒரு சின்ன விஷயம். 'நேற்று என்ன செய்தாய்' என்று ஆள் ஆளாகக் கேட்டால் அது மேனேஜருக்குக் கொடுக்கும் ஹாஜராக மாறிவிடும். பலகையை வலது பக்கத்தில் இருந்து, முடியும் தறுவாயில் உள்ள தாளில் ஆரம்பித்துப் படித்தால் பேச்சு வேலையைப் பற்றி இருக்கும். யார்டு இரவும் ஓடுவதால், ராத்திரி வந்த போன்களும் காலைக் கூட்டத்துக்குள் தாளாகிப் பலகைக்கு வந்துவிட வேண்டும்.

முதலாளியிடம் ஸ்டோரி பாயின்ட் வரைபடம் காட்டாதீர்கள், அவருக்கு அது ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு தாளிலும் கேட்ட தேதியையும் லைவ் போன தேதியையும் எழுதி, முடிந்த தாள்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கொஞ்சம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். 'இது எப்போ முடியும்?' என்று அவர் கேட்கும்போது, இந்த மாதிரி வேலை பத்தில் எட்டு எத்தனை நாளில் முடிந்தது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லலாம்.