பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால் ஓடுகிற கெப்புக்கு எலைன்மென்ட் பார்க்கிற கடை

வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்குகிற கெப் (பிக்கப்), கன்டர் (சின்ன லொறி) வைத்திருப்பவர்கள் எலைன்மென்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பதற்கு) எங்கே போகலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைப் பக்கம் போகிற மெயின் ரோட்டோரத்தில் இருக்கிற ஒரு சின்னக் கடையைத்தான். கண்ணாடிக் கதவோ ஏசி போட்ட வெயிட்டிங் ரூமோ கிடையாது, தகரக் கூரை, சீமெந்துத் தரை, வாசலில் அடுக்கின பழைய டயர், அவ்வளவுதான். ஆனால் என் கெப்பின் முன் டயர் இரண்டும் இப்போது உள் ஓரம், வெளி ஓரம் என்று பேதமில்லாமல் ஒரே மாதிரித் தேய்கிறது. கிரவல் ரோட்டில் ஓடுகிற வாகனத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று டயர் வாங்கிக் கை சுட்டவர்களுக்குத் தெரியும்.

என்னுடையது 2008 ஹைலக்ஸ் விகோ, ஃபோர் வீல். பசளை, விதைநெல், வெட்டு மிஷினுக்கு டீசல் என்று வெல்லாவெளிப் பக்கமும் நவகிரிக் குளத்துப் பக்கமும் ஓடுகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் இங்கே எல்லாரும் இருக்கிற வாகனத்தையே வைத்து இழுத்தோம், இப்போது இறக்குமதி திறந்தும் விலையைப் பார்த்தால் இருக்கிறதைப் பேணுவதுதான் புத்தி. பேணுவது என்றால் எஞ்சின் ஒயில் மட்டும் மாற்றினால் போதாது.

நம்முடைய பாதைகள் எலைன்மென்டைக் கெடுக்கிற விதம் வேறு. முன்மாரி மழையில் டிரக்டர் ஓடி ஓடி ஆழமான தடம் விழும், மழை விட்டதும் அந்தத் தடம் கல் மாதிரி காய்ந்துவிடும். கெப்பின் இரண்டு சில்லுக்கும் (சக்கரத்துக்கும்) இடைப்பட்ட அகலமும் டிரக்டரின் அகலமும் ஒத்துவராது, அதனால் ஒரு பக்கம் தடத்துக்குள், மறுபக்கம் மேட்டில். அப்படி ஓடும்போது டயரின் பக்கச் சுவர் தடத்தின் கரையில் உரசிக்கொண்டே வரும், ஸ்டியரிங்கை நாங்கள் ஒரு பக்கம் பிடிக்க மண் இன்னொரு பக்கம் தள்ளும். அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது டை ரொட், அதாவது ஸ்டியரிங்கையும் முன் சில்லையும் இணைக்கிற கம்பி. குழியில் ‘டக்’ என்று விழுகிற அடி கண்ணுக்குத் தெரியும், இந்தப் பக்க உதைதான் தெரியாமல் வேலையைக் காட்டுகிறது. இருட்டில் யானை நிற்கிறது என்று அவசரமாகப் பின்னுக்கு எடுத்து வாய்க்கால் கட்டில் சில்லை இடிக்கிற கதையும் எங்கள் பக்கத்தில் எல்லாரிடமும் இருக்கும்.

கெட்டுப்போனால் என்ன நட்டம் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். டயரின் விட்டம் 75 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன் இரண்டு சில்லுக்கும் நடுவே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் இருக்க வேண்டிய அளவிலிருந்து 5 மில்லிமீட்டர் பிசகினால், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் 3 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடுகிறது. மட்டக்களப்புக்குப் போய் வந்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் என்பது டை ரொட்டின் லொக் நட் இளகி ரொட் கொஞ்சம் திரும்பினாலே வந்துவிடும். பார்ப்பதற்கு மிஷின்கூடத் தேவையில்லை: உள்ளங்கையை டயர் கட்டைகளுக்கு மேலே குறுக்காக ஒரு தரம் உள்ளிருந்து வெளியே, ஒரு தரம் வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சுரண்டுகிற மாதிரியும் இருந்தால் டோ, அதாவது மேலே சொன்ன அந்த இடைவெளி வித்தியாசம், பிசகியிருக்கிறது.

இதற்கு முன்னால் டவுனில் ஓர் இடத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா வைத்த நல்ல மிஷின். மிஷினில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதில் வாகனத்தை நிறுத்தி அளந்த முறையில்தான் குறை. ரிம்முக்குள் களி காய்ந்து ஒட்டியிருந்தபடியே கிளாம்பை மாட்டினார்கள், காற்று பார்க்கவில்லை, போல் ஜொயின்ட் (சில்லைத் தாங்குகிற கையின் மூட்டு) ஆடுகிறதா என்று சில்லை அசைத்தும் பார்க்கவில்லை. எல்லா அளவும் சரி என்று பச்சை நிறத்தில் காட்டுகிற ஒரு தாள் அடித்துக் கையில் தந்தார்கள். இளகின ஜொயின்டோடு நிற்கிற வாகனத்தில் எடுத்த அளவு, வாகனம் அந்தக் கடை வாசல் தாண்டும் வரைக்கும்தான் சரி. கொஞ்ச நாளில் உள் ஓரம் தேயத் தொடங்கியது, திரும்பப் போய்ச் சொன்னபோது “ரோட்டுப் பிழை” என்றார்கள். ரோட்டு அப்படித்தான், அதற்காகத்தானே எலைன்மென்டுக்கு வருகிறோம்.

இந்தக் கடைக்காரரை எல்லாரும் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறோம். முதல் கேள்வியே வித்தியாசமாக இருந்தது. “எங்க ஓடுற மனே? லோட்டோடயா, சும்மாவா?” நான் சொன்னதும் பெட்டிக்குள் வழக்கமாக என்ன கிடக்குமோ அதை இறக்காமல் விடச் சொன்னார். ஏனென்றால் இந்த வாகனங்களில் பாரத்துக்கு ஏற்ப உயரம் மாறும், உயரம் மாறினால் கோணமும் மாறும். எங்கள் ஊரில் நெல் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னுக்கு ஸ்பிரிங் பிளேட் கூட்டாத கெப் குறைவு. பிளேட் கூட்டினால் பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் குனியும், அப்போது கேஸ்டர் (சில்லு திரும்புகிற அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கிற கோணம்) குறையும், அதனால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வருவது மந்தமாகும், வெறும் வாகனமாக வேகமாகப் போகும்போது அலையும். இதைப் பல பேர் ஸ்டியரிங் பொக்ஸ் பிழை என்று நினைத்துக் காசு கொட்டுகிறார்கள். காக்கா பழைய ஸ்டீல் டேப்பால் நான்கு சில்லிலும் நடு அச்சிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளந்து சோக்கால் தரையில் எழுதினார், இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

மறுகா (அடுத்ததாக) ஜக் போட்டுச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பிறகு இடமும் வலமும். மேல்கீழ் ஆட்டம் என்றால் பெரும்பாலும் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட், இடம்வலம் ஆட்டம் என்றால் டை ரொட் எண்ட். என் வாகனத்தில் இடப்பக்க டை ரொட் எண்டின் ரப்பர் கிழிந்து, அதற்குள் தண்ணீர் போய், கிரீஸ் காப்பி நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. கிரான் புலிபாய்ந்தகல் மாதிரி வெள்ளம் குறுக்கே ஓடுகிற இடங்களில் இறக்கி ஏற்றினால் இதுதான் நடக்கும். அதை மாற்றாமல் எலைன்மென்ட் செய்ய மாட்டேன் என்று நேரே சொல்லிவிட்டார். பார்ட்ஸை எந்தக் கடையிலும் வாங்கி வரலாம், தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை.

அளக்கிற விதத்தை நின்று பார்க்க வேண்டும். மிஷின் அவரிடமும் இருக்கிறது, ஆனால் முதலில் கையால். சில்லைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவே சோக் பூசி, ஒரு ஆணியை அசையாமல் பிடித்துச் சுற்றிவர மெல்லிய கோடு கீறினார். ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அந்தக் கோடு மட்டும் நேராக இருக்கும், அளவு அதிலிருந்துதான். கீழே இரண்டு இரும்புத் தட்டு, நடுவில் கிரீஸ், அதற்கு மேலே சில்லை இறக்கினால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தன் இடத்துக்கு வழுக்கி வரும். பின்னுக்கும் முன்னுக்கும் வாகனத்தை உருட்டி ஸ்பிரிங்கை அமரவிட்டார். பிறகு இரு பக்கமும் நைலோன் கயிறு கட்டிப் பின் சில்லும் முன் சில்லும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்தார். இந்தக் கயிற்றில்தான் பின் அச்சு நகர்ந்திருப்பது பிடிபடும். ஸ்பிரிங் பிளேட்டின் சென்டர் போல்ட் அறுந்து அச்சு ஒரு பக்கம் பின்வாங்கினால் வாகனம் நண்டு மாதிரி சரிந்து போகும், முன்பக்கத்தை எத்தனை தரம் திருத்தினாலும் ஸ்டியரிங் நேரே நிற்காது.

விகோவில் கேம்பரும் (சில்லு உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கிற கோணம்) கேஸ்டரும் சில்லைத் தாங்குகிற கீழ்க் கையின் கேம் போல்டைத் திருப்பித்தான் வைக்க வேண்டும். கடலோரத்தில் நிற்கிற வாகனங்களில் இந்தப் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். என்னுடையதில் வலப்பக்கப் பின் போல்ட் அசையவே இல்லை. சில இடங்களில் இந்தக் கட்டத்தில் டோவை மட்டும் திருப்பிவிட்டுத் தாள் அடித்துவிடுவார்கள். இங்கே துருவிளக்கி அடித்து ஊறவிட்டு, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள், புதுப் போல்டும் புஷ்ஷும் போட வேண்டி வந்தது. போடும்போது போல்டுக்குச் செம்பு கிரீஸ் பூசினார், அடுத்த தரம் திரும்புவதற்காக. இறுக்கினது வாகனத்தைத் தரையில் இறக்கிய பிறகு. தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகின நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இதை எனக்கு விளக்கினது அவர் இல்லை, அங்கே வேலை பழகுகிற பொடியன். பழகுகிறவனுக்கே இது தெரிந்திருக்கிறது என்றால் அந்தக் கடையில் வேலை எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ளலாம். டோ வைக்கும்போது இரண்டு டை ரொட்டையும் சமமாகத் திருப்பினார்கள், அதனால் ஸ்டியரிங் நடுவிலேயே நின்றது. கடைசியாக மிஷினில் ஏற்றி எல்லா அளவையும் ஒரு தரம் ஒத்துப் பார்த்தார்கள்.

கன்டர் வைத்திருப்பவர்களுக்கு: முன்னுக்கு ஒரே அச்சாக வருகிற வாகனத்தில் டோ மட்டும்தான் சாதாரணமாகத் திருப்ப முடியும், கேஸ்டரை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத்தான் மாற்ற வேண்டும். கேம்பர் பிழை என்றால் கிங் பின் (சில்லு திரும்புகிற முளை) தேய்ந்திருக்கிறது அல்லது அச்சு வளைந்திருக்கிறது. அண்ணனுடைய கன்டருக்குக் கிங் பின் புஷ் மாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்த வேலைக்கு வேறு கராஜுக்கு அனுப்பினார்கள். தங்களால் முடியாததைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை, அது எனக்குப் பிடித்தது.

குறைகளும் இருக்கின்றன. நேரம் எடுக்கும். காலையில் விட்டால் பின்னேரம் ஆகலாம், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார்கள், அதைப் பார்த்துப் போங்கள். கார்ட் எடுப்பதில்லை, காசுதான். பெருமழையில் கூரைச் சாரல் உள்ளே அடிக்கும், தரை நனைந்தால் வேலையை நிறுத்திவிடுகிறார்கள், அறுவடைக் காலத்தில் இதனால் வரிசை நீளும். கூலி டவுனை விடக் கொஞ்சம் கூட, ஜொயின்ட், புஷ் மாற்றினால் அது தனி. தொகையை இங்கே எழுதவில்லை, விலை ஓரிடத்தில் நிற்கிற மாதிரி இல்லை, வேலையில் இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முன் டயரின் விலையோடு வைத்துப் பார்த்தால் எனக்கு அது செலவாகவே தோன்றவில்லை. இன்னொன்று, உயரம் கூட்டின, பெரிய டயர் மாட்டின கெப்புக்கு மேல் கையையும் மாற்றாமல் கேஸ்டர் வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினதையும் பார்த்தேன், அந்தத் தம்பி முகம் சுருங்கிப் போனார், ஆனால் சொன்னது உண்மை.

போகிறவர்கள் முதல் நாளே ரிம்மின் உட்பக்கக் களியைக் கழுவிவிடுங்கள், களி ஒட்டியிருந்தால் வருகிற நடுக்கத்தை எலைன்மென்ட் என்று தவறாக நினைக்க வைக்கும். மணலுக்கு இறக்கின காற்றைத் திரும்ப அடித்து நான்கையும் கொம்பனி அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஒரு பக்கம் குறைந்தாலே வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும். முன்மாரி தொடங்கும் முன் ஒரு தரம், வெட்டு முடிந்து பாதை காய்ந்த பிறகு ஒரு தரம் என்று நான் வைத்திருக்கிறேன். நடுவில் பெரிய அடி ஏதும் பட்டால் தவணை பார்ப்பதில்லை, நேரே அங்கேதான்.