சட்டைப்பையில் மாட்டும் ஹைட்ரஜன் சல்பைடு கண்டறி கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரியும் நான், சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும் ஒற்றை வாயுக் கண்டறி கருவியொன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவின் அழுகிய முட்டை நாற்றமே போதிய எச்சரிக்கை என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். ஆனால் அதன் செறிவு ஏறத்தாழ 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது முகரும் உணர்வே மரத்துப்போவதால், நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எண்ணுபவர் உயிரையே இழக்க நேரிடலாம்.

இக்கருவி 10 பிபிஎம்மில் முதல் எச்சரிக்கையையும் 15 பிபிஎம்மில் இரண்டாவதையும் ஒலி, ஒளி, அதிர்வு ஆகிய மூன்று வழிகளிலும் தருகிறது. பம்புகள் இரையும் அறையில் ஒலி காதில் விழவில்லை, அதிர்வுதான் கைகொடுத்தது. கையுறையுடன் பொத்தானை அழுத்துவது எரிச்சலூட்டுகிறது.

பெட்டியின் மேல் ‘பராமரிப்பு தேவையில்லை’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உணரியின் வடிகட்டியைச் சேறோ நீரோ அடைத்துக்கொண்டால், வாயு சூழ்ந்திருக்கும்போதும் திரை பூஜ்ஜியத்தையே காட்டக்கூடும். ஒருமுறை, பணிக்கு முன் அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திச் சோதித்தபோது கருவி அசையவே இல்லை. வடிகட்டியை மாற்றிய பிறகே உயிர்பெற்றது. அச்சோதனைக்கான வாயு உருளையைத் தனியாக வாங்க வேண்டும் என்பதை விற்பனையாளர் சொல்லவில்லை.

திறந்தவெளிப் பணிக்கு இது தகும். ஆனால் இவ்வாயு காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியில் தேங்கும். இறங்குமுன் அடிமட்டத்தைச் சோதிக்க, குழாய் இணைக்கக்கூடிய, ஆக்சிஜனையும் எரியக்கூடிய வாயுக்களையும் சேர்த்து அளக்கும், காற்றை உறிஞ்சும் பம்பு கொண்ட கருவியையே வாங்க வேண்டும்.