ஜீப் டிஸ்க் ஐந்து, செலவு 7,750 ரூபாய்: கணபதிப் பட்டறை எப்படி?

எங்கள் வண்டி 1978 மாடல் மஹிந்திரா ஜீப், பின்னால் பிக்கப் தொட்டி கட்டியது. வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் உழைத்துவிட்டு, அப்பா காலத்தில் பொள்ளாச்சிக்கு இறங்கி வந்தது. இப்போது எங்கள் தோப்புத் தேங்காயைச் சுமக்கிறது. இன்ஜினுக்கும் பாடிக்கும் எப்படியோ காசு புரட்டிவிட்டேன். டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தைத்தான் டிஸ்க் என்கிறேன்; ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டிஸ்க்கும் துரு ஏறிக் கிடந்தன. 16 அங்குல இரும்பு டிஸ்க், 6.00-16 டயர், உள்ளே ட்யூப். புதிதாக வாங்கினால் ஒன்று 3,200 ரூபாய் என்றார்கள். ஐந்துக்கு 16,000. நான் மனதில் வைத்திருந்தது 6,000.

கடைசியில் இவற்றுக்குக் கோட்டிங் அடித்துக் கொடுத்த கோயமுத்தூர் கணபதிப் பட்டறையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஊரிலேயே ஒரு பெயிண்டரிடம் 1,500 ரூபாய்க்கு இந்த ஐந்தையும் கொடுத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பள்ளம் தெரிந்த இடத்தில் எல்லாம் பட்டி அப்பி, மேலே சில்வர் அடித்துக் கொடுத்தார். பார்க்கக் கண்ணைப் பறித்தது. அடுத்த மழையில் அடை அடையாக உரிந்தது. அதுகூடப் பரவாயில்லை, அந்தப் பட்டிக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

இந்த முறை மெக்கானிக், "ஆசிட்டுல முக்கி எடுத்தா பளிச்சுனு ஆயிரும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜீப் டிஸ்க் ஒரே வார்ப்பு இல்லை. நடுத்தட்டும் வெளி வளையமும் தனித்தனியாகச் செய்து இணைத்தவை. அந்த இடுக்கில் புகுந்த ஆசிட்டை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. மேலே பெயிண்ட் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே அது அரித்துக்கொண்டே இருக்கும்.

செலவில்லாத வழி ஒன்றையும் முயன்றேன். மாட்டுத்தீவனக் கடையில் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) வாங்கி, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பாதியாக அறுத்த 200 லிட்டர் டிரம்மில் ஸ்டெப்னி டிஸ்க்கை இரண்டு வாரம் ஊறப்போட்டேன். துருவை நன்றாகவே தின்றது, நல்ல இரும்பைத் தொடவில்லை. ஆனால் நாற்றம்! "இது வீடா, சாராய ஊறலா?" என்று அம்மா கேட்டார். ஒரு தடவைக்கு ஒன்று என்று ஐந்தையும் ஊறவைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாள் வண்டியைக் கட்டையில் நிறுத்த முடியாது.

சரி, பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகளை அடித்துத் துருவை உரிப்பது) செய்து, பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைப்பது) அடித்துவிடலாம் என்று கோயமுத்தூர் போனேன். கணபதி பக்கம் பம்ப் மோட்டார் உறைகளுக்குக் கோட்டிங் அடிக்கும் சின்னப் பட்டறை. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. டிஸ்க்கைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: என் ஜீப்பில் இடது பக்க நட்டுகள் எதிர்ச்சுற்று மரை. அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்து வழக்கம். தெரியாமல் ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கினால் போல்ட்தான் முறியும்.

பட்டறைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணல் இல்லை, இரும்பு கிரிட், அதாவது இரும்புத் துகள். மூடிய அறை, அடிக்கிற பையனுக்குக் காற்றுக் குழாய் வைத்த ஹெல்மெட். மணல் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது என்பதால் இதை நான் முதலில் கவனித்தேன். டிஸ்க் ஒன்றுக்கு பிளாஸ்டிங், பிரைமர், மேல் கோட்டிங் எல்லாம் சேர்த்து 850 ரூபாய்.

எனக்குப் பழைய எஸ்டேட் வண்டி மாதிரி தந்த நிறம் வேண்டும். ஒரு மூலையில் பாதிப் பெட்டி தந்த நிறப் பவுடர் இருந்தது. "அதையே அடிச்சிருங்கண்ணா" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வாங்குனதுங்க தம்பி. எபாக்ஸி கலந்தது. வீட்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது. வெயில்ல நின்னா வெளுத்து மாவு மாவா வரும். கேட்டுக்கு அடிக்கிற பியூர் பாலியஸ்டர் ஒரு ஆர்டர் வருது, ஆர்.ஏ.எல். 1015, அதுவும் தந்தக் கலர் நம்பர்தான். பத்து நாள் பொறுங்க, அதோட சேத்து அடிச்சுத் தரேன். உங்களுக்குன்னு தனியாப் பெட்டி வாங்குனா கட்டாது."

இருந்ததை அடித்துக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. பத்து நாள் பன்னிரண்டு நாளானது. இருக்கட்டும்.

நான்காம் நாள் போன் வந்தது. ஒரு டிஸ்க்கில் பட்டி எல்லாம் பறந்து வெறும் இரும்பு தெரிந்ததும், ஒரு நட்டுத் துளையின் ஓரத்திலிருந்து நடுத்தட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். படம் அனுப்பியிருந்தார். அதன் மேல்தான் என் பழைய பெயிண்டர் அழகாகப் பட்டி பார்த்து வைத்திருந்தார். அந்த டிஸ்க்கோடுதான் இரண்டு வருடம் லோடு ஏற்றி ஓட்டியிருக்கிறேன், இரண்டு தடவை ஆழியாறு தாண்டி வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியிருக்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். "நட்டுத் துளைகிட்ட வைக்க மாட்டேனுங்க. வெல்டுக்குப் பக்கத்துலயே மறுபடி விடும்" என்றார். அந்த ஒன்றுக்கு பிளாஸ்டிங் கூலி 250 மட்டும் வாங்கிக்கொண்டார். உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடி 1,100 ரூபாய்க்கு ஒன்று பிடித்தேன். ஐந்து துளை இருந்தால் போதாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு 82 மில்லிமீட்டர் இருந்தால்தான், துளைகள் அமைந்த வட்டம் ஜீப்புக்கு வேண்டிய ஐந்தரை அங்குலம். பழைய டிஸ்க்கை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனதால், நடுத்துளையையும் அங்கேயே ஒத்துப் பார்க்க முடிந்தது.

இப்போது குறை. நட்டு உட்காரும் சரிவிலும், ஹப்பின் (டிஸ்க்கை மாட்டும் அச்சு முனை) மேல் படியும் முகத்திலும் பவுடர் ஏறக்கூடாது, டேப் ஒட்டிவிடுங்கள் என்று எழுதியே கொடுத்திருந்தேன். அங்கே தடியாகக் கோட்டிங் இருந்தால் நட்டு அழுத்த அழுத்த அது நசுங்கும், நட்டு தளரும். நாலில் சரியாகச் செய்திருந்தார்கள். ஒன்றில் மறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 200 டிகிரியில் வெந்த பவுடர், லேசில் வராது. உப்புக் காகிதம் வைத்து ஒரு மதியம் முழுவதும் சுரண்டினேன். சொன்னபோது வருத்தப்பட்டார், பணம் குறைக்கவில்லை. இன்னொன்று, துரு தின்ற பள்ளங்களைப் பவுடர் மூடாது. கிட்டே போனால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். அவர் அடிக்கும் முன்பே சொன்னதுதான், அதனால் குறையில் சேர்க்கவில்லை.

கணக்கு: கோட்டிங் 4,250, வீணான பிளாஸ்டிங் 250, பழைய டிஸ்க் 1,100, டயர் கழற்றி மாட்ட 750, இரண்டு புது ட்யூப் 1,400. மொத்தம் 7,750. போக வர, தேங்காய் இறக்கப் போன பக்கத்துத் தோட்டத்து டாடா ஏஸ். டீயும் பன்னும்தான் வாடகை. பட்ஜெட்டைத் தாண்டியது உண்மை. ட்யூப்பை மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனால் பழைய ட்யூப்பில் வால்வு அடியில் துரு விளிம்பு அறுத்த தழும்பைப் பார்த்த பிறகு கை வரவில்லை.

மாட்டிய கையோடு வால்பாறை போய் வந்தேன். திரும்பியதும் ஸ்பேனர் போட்டால், பின் வலது சக்கரத்தில் மூன்று நட்டு கால் சுற்று ஏறியது. நான் சுரண்டிய டிஸ்க்தான். அதற்குப் பிறகு அசையவில்லை.

நாலு மாதம் ஆகிறது. நிறம் அப்படியே இருக்கிறது. பஞ்சர் கடையில் கம்பி பட்டு ஓர் ஓரம் மட்டும் பெயர்ந்தது, கொஞ்சம் எனாமல் தொட்டு வைத்திருக்கிறேன். அங்கே போகிறவர்கள் முதலில் போன் செய்து, அடுத்து என்ன நிறம் ஓடப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பும் சில்வரும் எப்போதும் உண்டு. டேப்பை நீங்களே வாங்கி, நீங்களே ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.