ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர்: புது ஜிஎம்மின் கைக்கு எது இலகுவாக வரும்?

கொழும்பில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டை விளையாட ஐந்து பேரை ஒரே மேசையில் இருத்துவது லேசான காரியம் இல்லை. ஒருவர் வெள்ளவத்தை, ஒருவர் கொட்டாஞ்சேனை, இன்னொருவர் வேலை முடிந்து வீடு வரவே எட்டு மணியாகும், மிச்சம் இரண்டு பேர் ரொறன்ரோவில். இங்கே இரவு 8 மணி என்றால் கோடையில் அங்கே காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. ஆகவே ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர் ரோடியோ போன்ற ஒரு மென்பொருளால் மேசையை ப்ரௌசருக்குள் போடுகிறோம்.

விளையாட வருபவருக்கு அதில் பெரிய சிரமம் கிடையாது. வரைபடத்தில் தன் கதாபாத்திரத்தைக் குறிக்கும் சின்னமான டோக்கனை நகர்த்த வேண்டும், டைஸ் (பகடை) உருட்ட வேண்டும், அவ்வளவுதான். பாரம் எல்லாம் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மின் (கேம் மாஸ்டரின்) தலையில். அதனால் மென்பொருள் தேடும்போது வசதிகளின் பட்டியலைப் பார்த்து மயங்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆடுபவர்களுக்கு எதை மறைத்திருக்கிறேன், எதைக் காட்டியிருக்கிறேன் என்பது எனக்கே ஒரு பார்வையில் தெரிகிறதா? மூன்றும் உண்மையில் பிரிவது இந்த இடத்தில்தான்.

மூன்றில் மூத்தது ரோல்20, 2012இல் வந்தது. அதன் உலகம் அடுக்குகளால் ஆனது: அடியில் வரைபட அடுக்கு, மேலே டோக்கன் அடுக்கு, அதற்கும் மேலே ஜிஎம் மட்டும் பார்க்கும் அடுக்கு, ஒளிக்குத் தனியாக இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு அடுக்கில்தான் நிற்க முடியும், அந்த அடுக்கில் உள்ளதைத்தான் தொட முடியும். புதியவர்கள் திணறுவதில் பாதி இதனால் வருவது. கொப்ளின் என்ற குட்டி அரக்கனின் டோக்கனை எத்தனை தரம் கிளிக் செய்தாலும் அசையவில்லையா? அது வரைபட அடுக்கில் கிடக்கிறது. ஒளித்து வைக்க வேண்டிய கூட்டம் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டதா? அடுக்கை மாற்றாமல் போட்டுவிட்டீர்கள். நீங்கள் இப்போது எந்த அடுக்கில் நிற்கிறீர்கள் என்று சொல்வது கருவிப்பட்டையில் உள்ள ஒரு சின்னப் படம் மட்டுமே. பரபரப்பான சண்டையில் அதை யார் பார்க்கிறார்கள்!

ஆனால் இந்த முறை பழகிவிட்டால் ஒரு சுகம் உண்டு. ஜிஎம் அடுக்கு ஒரு முழு அறை மாதிரி. பொறிகள், குறிப்புகள், பதுங்கியிருக்கும் எதிரிகள் எல்லாவற்றையும் முதல் நாளே அடுக்கி வைக்கலாம். நேரம் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துத் தெரிவுசெய்து, ரைட் கிளிக் செய்து, டோக்கன் அடுக்குக்கு மாற்றினால் ஒரே நொடியில் பன்னிரண்டு எலும்புக்கூடுகள் எழுந்து நிற்கும்.

ஃபவுண்ட்ரி 2020 மே மாதம் வெளிவந்தது. இடப்பக்கம் டோக்கன், சுவர், ஒளி, ஒலி, குறிப்பு என்று கருவிகளின் நிரல் நிற்கும். இங்கேயும் சுவர்க் கருவியை எடுத்தால்தான் சுவரைத் தொடலாம். ஆனால் இந்தப் பிரிவு வேலையின் வகைக்கானது, மறைப்பதற்கு அல்ல. மறைப்பது ஒவ்வொரு டோக்கனின் சொந்தக் குணம்: ரைட் கிளிக் செய்து, தோன்றும் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் அது ஜிஎம்மின் திரையில் மங்கலாகும், மற்றவர்களுக்கு இல்லாமலே போகும். மங்கலாக இருந்தால் மறைந்திருக்கிறது. கேள்விக்கு இடமே இல்லை.

ஃபவுண்ட்ரியின் உண்மையான பலம் சுவர்களில் இருக்கிறது. வரைபடத்தின் மேல் சுவர்க் கோடுகளை ஒருமுறை வரைந்துவிட்டால் யார் எதைப் பார்ப்பது என்பதை மென்பொருளே கவனித்துக்கொள்ளும். கதவும் ஒருவகைச் சுவர்தான். கிளிக் செய்தால் திறக்கும், ரைட் கிளிக்கில் பூட்டும். இரகசியக் கதவு ஜிஎம்முக்கு மட்டும் தெரியும். பார்வை வசதி போடப்பட்ட ஒரு டோக்கனை நீங்கள் தெரிவுசெய்தால் அந்தக் கதாபாத்திரம் காண்பதை நீங்களும் காண்பீர்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அதைச் சபையில் இருந்து பார்க்கிற மாதிரி. ரோல்20இல் இதற்குக் கிட்டிய வேலையை டோக்கனைத் தெரிவுசெய்து கண்ட்ரோலோடு எல் அழுத்திச் செய்யலாம். ஆனால் அங்கே இயங்கும் ஒளி, அதாவது சுவருக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பப் பார்வையை மாற்றும் வசதி, நெடுங்காலமாகச் சந்தாக்காரர்களுக்கே இருந்துவந்தது. சந்தா இல்லாதவர்கள் வழக்கமாக, ஆடுபவர்கள் இன்னும் காணாத இடங்களை மூடும் பனிமூட்டத்தைக் கையால்தான் கிழித்துக்கொண்டு போவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது: ஃபவுண்ட்ரியில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆட்டம் நிற்கும். ஆடுபவர்கள் டோக்கனை நகர்த்த முடியாது. கதவு திறந்த கணத்தில் எல்லோரும் உள்ளே ஓடுகிற எங்கள் ஆட்களுக்கு இது கட்டாயம் தேவை.

அவுல்பேர் ரோடியோவில் கற்க அதிகம் இல்லை, அதுதான் அதன் சிறப்பு. படத்தைப் போடுங்கள், டோக்கனைப் போடுங்கள், இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வருபவர்களுக்குக் கணக்கே வேண்டாம், போனிலும் ஒழுங்காக ஓடும். மறைக்க ஒரு கண் பொத்தான், பனிமூட்டத்துக்கு ஒரு கருவி. டைஸ், சண்டை வரிசை (யாருக்குப் பின் யார் என்பது) எல்லாம் நீட்சிகளாக, அதாவது கூடுதல் இணைப்புகளாகச் சேர்க்கலாம். கதாபாத்திரத்தின் திறன்களையும் எண்களையும் குறிக்கும் கதாபாத்திரத் தாள் மென்பொருளோடு வருவதில்லை. கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், குறைந்து போக மாட்டீர்கள்.

அடுத்தது, எல்லோரையும் ஒரு இடத்துக்குக் கொண்டு போவது. ரோல்20இல் ஒவ்வொரு வரைபடமும் ஒரு பக்கம்; ஆடுபவர்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று காட்டும் ஒரு பட்டை உண்டு. அதை வேறு பக்கத்துக்கு இழுத்தால் எல்லோரும் போவார்கள், ஒருவரின் பெயரை மட்டும் இழுத்தால் அவர் மட்டும் போவார். குழு இரண்டாகப் பிரிந்துவிட்டால் இதைவிட இலகுவான முறையை நான் காணவில்லை. ஃபவுண்ட்ரியில் ஒரு காட்சியை (அங்கே வரைபடத்துக்கு அதுதான் பெயர்) பார்ப்பது வேறு, அதைச் செயற்படுத்துவது வேறு. பார்த்தால் நீங்கள் மட்டும் போகிறீர்கள், செயற்படுத்தினால் எல்லோரும் வருவார்கள். இந்த வித்தியாசம் விளங்கும்வரை நீங்கள் ஒரு குகையை வர்ணிக்க, ஆடுபவர்கள் பழைய சத்திரத்திலேயே நிற்பார்கள். ஒரே வரைபடத்துக்குள் கவனத்தைத் திருப்ப இரண்டிலும் வழி ஒன்றுதான்: ஷிப்டைப் பிடித்துக்கொண்டு மவுஸை அழுத்தி வைத்தால் எல்லோருடைய திரையும் அங்கே திரும்பும்.

இரகசிய டைஸ் மூன்றிலும் உண்டு. ஆனால் ஆடுபவர் உருட்ட, விடை ஜிஎம்முக்கு மட்டும் தெரிகிற குருட்டு உருட்டல் ஃபவுண்ட்ரியின் சாட்டில் ஒரு தெரிவாகவே இருக்கிறது. “நீ பொறியைத் தேடினாய், ஒன்றும் கிடைக்கவில்லை” என்று சொல்லும்போது அது உண்மையா என்று ஆடுபவர் யோசிக்க வேண்டுமானால் இதுதான் வழி.

இவ்வளவு வாசித்ததும் ஃபவுண்ட்ரியே வென்றுவிட்டது போலத் தோன்றும். கொழும்பு வீட்டில் இருந்து நடத்தினால் கணக்கு மாறும். ஃபவுண்ட்ரி வழக்கமாக உங்கள் கணினியில்தான் ஓடும், மற்றவர்கள் உங்கள் இணைப்பு வழியாக உள்ளே வரவேண்டும். 4ஜி றவுட்டர்களில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்கிறார்கள். அப்படியானால் றவுட்டரில் போர்ட் (வெளியார் உள்ளே வரும் வழி) திறந்தும் பயனில்லை, வாடகைக்கு ஒரு சேர்வர் எடுக்க வேண்டும். ஃபைபர் இருந்தாலும் மேலேற்றும் வேகம் முக்கியம். 20 எம்பி வரைபடம் ஒன்று நான்கு பேருக்குப் போனால் 80 எம்பி. செக்கனுக்கு 10 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வரைபடங்களை அளவு குறைந்த வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றுங்கள், ஆட்டத்துக்கு முன்பே அவற்றை எல்லோருடைய கணினியிலும் ஏற்றி வைக்கும் கட்டளையைக் கொடுத்து வையுங்கள்.

பிறகு கரண்ட். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் மழைக்குப் போகிற கரண்ட் போகத்தான் செய்யும். வீட்டுக் கணினியில் ஃபவுண்ட்ரி ஓடினால் அத்தோடு ரொறன்ரோக்காரருக்கும் ஆட்டம் முடிந்தது. ரோல்20உம் அவுல்பேரும் வெளியே உள்ள சேர்வரில் இருப்பதால் மேசை அங்கேயே இருக்கும். முன்கூட்டியே இன்னொருவரையும் ஜிஎம் ஆக்கி வைத்தால் அவர் தொடரலாம்.

காசு விஷயத்தில் ஃபவுண்ட்ரி ஒருமுறை 50 டொலர், வரி தனி. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 15,000 ரூபா. வாங்க வேண்டியவர் ஜிஎம் மட்டும், மற்றவர்களுக்கு இலவசம். வெளிநாட்டில் உள்ள மச்சான் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருங்கள். மற்ற இரண்டையும் இலவசமாகவே தொடங்கலாம், வேண்டுமானால் மாதச் சந்தா.

ஃபேன்டசி கிரவுண்ட்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் பற்றியும் கேட்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் நிறுவ வேண்டும். லப்டொப் இல்லாமல் போனோடு வருபவர்கள் உள்ள குழுவுக்கு அது சரிவராது.

என் தீர்ப்பு இது. வருகிற சனிக்கிழமையே முதல் ஆட்டம் என்றால் அவுல்பேர். வாராவாரம் நடக்கும் நீண்ட கதை, கதாபாத்திரத் தாளும் வேண்டும், வீட்டு இணைப்பில் நம்பிக்கை இல்லை என்றால் ரோல்20. ஆட்டத்தை விடத் தயாரிப்பில் அதிக இன்பம் காண்பவர், சுவர் வரைந்தே ஞாயிறு பின்னேரத்தைக் கழிக்கக்கூடியவர் என்றால் ஃபவுண்ட்ரி. அதில் மொடியூல்கள் எனப்படும் கூடுதல் இணைப்புகளை மட்டும் ஆரம்பத்தில் தொட வேண்டாம். பதிப்பு மாறும்போது அவற்றில் சில வேலை செய்யாமல் போகும், பிழை உங்களுடையதா மொடியூலுடையதா என்று பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

எதை எடுத்தாலும் பழகும் முறை ஒன்றே: இரண்டு ஜன்னல். ஒன்றில் ஜிஎம்மாக நில்லுங்கள், மற்றதில் ஆடுபவராக நுழையுங்கள். ஃபவுண்ட்ரியில் சோதனைக்கென்று ஒரு பயனரை உருவாக்கி இன்காக்னிட்டோ ஜன்னலில் திறக்கலாம். அவுல்பேரில் அதே இணைப்பை இன்காக்னிட்டோவில் திறந்தால் போதும். ரோல்20இன் அமைப்புகளில் ஆடுபவராக மீண்டும் நுழையும் பொத்தானே இருக்கிறது. ஒரு அறை, ஒரு கதவு, ஒளிந்திருக்கும் ஒரு எதிரி. கதவைத் திறவுங்கள், எதிரியைக் காட்டுங்கள், திரும்ப மறையுங்கள். ஒவ்வொரு தடவையும் மற்ற ஜன்னலை எட்டிப் பாருங்கள். எட்டிப் பார்க்காமலே அங்கே என்ன தெரிகிறது என்று சொல்ல முடிகிற அன்று வாட்ஸ்அப் குழுவில் திகதியைப் போடுங்கள்.