டெல்லியா, லண்டனா, நியூயார்க்கா: நாவலை முதலில் யாருக்கு அனுப்புவது?

கும்பகோணத்து அடகுக்கடையில் கணக்கெழுதும் பெண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்தேன். 88,000 வார்த்தைகள். அனுப்ப நாலு வழி இருந்தது: இந்தியப் பதிப்பகத்துக்கு நேராக, இந்திய ஏஜென்ட், லண்டன் ஏஜென்ட், நியூயார்க் ஏஜென்ட். ஏஜென்ட் என்றால் எழுத்தாளர் சார்பில் பிரதியைப் பதிப்பகங்களுக்கு விற்றுக் கமிஷன் வாங்குபவர். "நாலுக்கும் ஒரே நாளில் தட்டிவிடு, எது விழுகிறதோ விழட்டும்" என்றார் நண்பர். கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தேன். செய்திருக்கக் கூடாது. எதற்குப் பிறகு எது என்ற வரிசைதான் இதில் பாதி விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

நேராக அனுப்புவதை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் ஏஜென்ட் இல்லாமலும் ஆங்கிலப் புத்தகம் வெளியாகிறது. கமிஷன் மிச்சம். ஆனால் ஒப்பந்தத்தில் "உலக உரிமை, எல்லா மொழிகளும்" என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துத் தரச் சொல்ல நம் பக்கம் ஆள் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பதிப்பகம் வேண்டாம் என்ற பிரதியை ஏஜென்ட் மறுபடி அங்கே கொண்டுபோவது அரிது. நான் மூன்று இடங்களுக்கு அனுப்பியிருந்தேன். பிறகு பேசிய ஏஜென்ட் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே "இதுவரை யார் யார் பார்த்திருக்கிறார்கள்?" என்பதுதான். பட்டியலைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் தட்ட வேண்டிய கதவுகளில் மூன்றை நானே சாத்தியிருந்தேன்.

இந்திய ஏஜென்ட் என்றால் டெல்லியில் ரைட்டர்ஸ் சைட், ஜெய்ப்பூரில் சியாஹி, பெங்களூரில் தொடங்கிய ஜகரண்டா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான். இவர்களிடம் உள்ள பெரிய சௌகரியம், அடகுக்கடை என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2025-இல் சர்வதேச புக்கர் வென்ற பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைத் தொகுப்புக்குப் பின்னால் இருந்த ஏஜென்ட் ரைட்டர்ஸ் சைட்டின் கனிஷ்க குப்தாதான். குறை பணத்தில் இருக்கிறது. முன்பணமாக ஒரு லட்சம் வந்தால் 15 சதவீதக் கமிஷன் 15,000 ரூபாய். அதை வைத்து ஓர் அலுவலகம் ஓட வேண்டுமானால் நிறைய எழுத்தாளர்களைச் சேர்த்தாக வேண்டும், அப்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறையும். சிலர் வேறு வழியில் ஈடுகட்டுகிறார்கள். ஓர் இடத்தில் என் நாவலைப் படிப்பதற்கு முன்பே "மதிப்பீட்டு அறிக்கை"க்கு என்று கட்டணம் கேட்டார்கள். கட்டினேன். இரண்டு பக்கம் வந்தது. அதில் கதாநாயகியின் பெயரே தப்பு. அமெரிக்க, பிரிட்டிஷ் ஏஜென்ட் சங்கங்கள் படிப்பதற்குக் காசு வாங்கக் கூடாது என்று உறுப்பினர்களுக்கு விதியே வைத்திருக்கின்றன. புத்தகம் விற்றால்தான் ஏஜென்டுக்குக் காசு. அதற்கு முன்னால் கை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

லண்டனும் நியூயார்க்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். கமிஷனும் ஏறக்குறைய ஒன்றுதான்: உள்நாட்டு விற்பனைக்கு 15, வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 சதவீதம். ஆனால் கேட்பது வேறு வேறு. லண்டனில் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள்: ஒரு கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் அல்லது 10,000 வார்த்தைகள். நம்மவர்கள் வழுக்குவது அந்தச் சுருக்கத்தில். "முடிவைப் புத்தகத்தில் காண்க" என்று விட்டுவிடுகிறோம். அது பின்னட்டை வாசகம் இல்லை. கொலை செய்தது யார் என்பதுவரை சொல்லியாக வேண்டும்.

நியூயார்க்கில் கடிதம்தான் எல்லாம். 300 வார்த்தை சொச்சம், அதோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்கள், அதையும் மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் க்வெரிமேனேஜர் என்ற இணையதளத்தில் ஏஜென்ட் வைத்திருக்கும் படிவத்தில் நிரப்ப வேண்டும். இணைப்பாக அனுப்பினால் திறக்காமலே அழிப்பவர்கள் உண்டு. சமீபத்தில் வந்த இரண்டு புத்தகங்களைச் சொல்லி "இவற்றைப் படித்தவர்கள் இதையும் படிப்பார்கள்" என்று காட்டவும் வேண்டும். என் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: "காவிரிக் கரையில் ஒரு நகரம், மூன்று தலைமுறைகள், காலத்தால் அழியாத ஒரு காதல்." பதினோரு பேருக்குப் போனது. ஒரு பதிலும் இல்லை. திருத்தி எழுதியது இது: "மூழ்கிப்போன நகைகளை ஏலத்துக்குப் பட்டியல் போடும்போது, 22 வருடம் முந்தைய ரசீது ஒன்றில் தன் அம்மாவின் கையெழுத்தைப் பார்க்கிறாள் மல்லிகா. அடகு வைத்தது தாலிக்கொடி. பணம் வாங்கிப்போனது யார் என்று முதலாளியைக் கேட்டால் வேலை போய்விடும்." இதற்கு நான்கு பேர் முழுப் பிரதியைக் கேட்டார்கள். நாவலில் ஒரு வரியும் மாறவில்லை.

சரி, வரிசை. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பிரிட்டனோடு காமன்வெல்த் உரிமையையும் சேர்த்தே கேட்பது பழைய வழக்கம். இந்தியா அதற்குள் வந்துவிடும். கதையே இந்தியாவில் நடக்கும்போது, இந்திய உரிமையை இங்கே விற்றுவிட்டு லண்டனுக்குப் போவது குலை வெட்டிய வாழையைக் குத்தகைக்கு விடுவதுபோல. நியூயார்க்குக்கு இந்தச் சிக்கல் குறைவு, வட அமெரிக்க உரிமை கையில் இருந்தால் பேச்சு நடக்கும். அதனால் லண்டன் ஆசை இருந்தால் அதை முதலில் முயன்று பாருங்கள், ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகும். பதில் வராததே அங்கே பதில். பிறகு இந்திய ஏஜென்ட், துணைக்கண்ட உரிமையை மட்டும் விற்கச் சொல்லி. நேரடி அனுப்பல் கடைசியில். நியூயார்க் கடிதங்கள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். அமெரிக்கப் பணம் வந்தால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், இருந்தால் 15.

தமிழில் எழுதியவர்களுக்குக் கணக்கே வேறு. மேலே சொன்னவர்கள் ஆங்கிலத்தில் படித்துத்தான் முடிவு செய்வார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் சில அத்தியாயங்களின் ஆங்கில வடிவமும் முதலில் வேண்டும். அதற்கும் முன்னால் உங்கள் தமிழ்ப் பதிப்பக ஒப்பந்தத்தை எடுத்து, மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தமே போடாதவர்கள் நிறையப் பேர், அது தனிக் கதை. தமிழில் எழுதுபவர்களுக்கு ஜகரண்டாவையும் லண்டனையும்விடப் பக்கத்தில் இருப்பது, 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி. அங்கே நடப்பது உரிமை வியாபாரம். தமிழக அரசின் மொழிபெயர்ப்பு நல்கையும் அதோடு சேர்ந்தது.

என் பிரதி இப்போது இரண்டு பேரிடம் இருக்கிறது. "மூழ்கிப்போன நகை" என்பதை நான் ஆங்கிலத்தில் அப்படியே பெயர்த்து வைத்திருந்தேன். இவ்வளவு தங்கமும் ஏறிய கப்பல் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று நியூயார்க்காரர் கேட்டு எழுதினார். பெங்களூர்ப் பெண்மணி தொலைபேசியிலேயே கேட்டார்: "அந்தத் தாலிக்கொடி எத்தனை பவுன்?" 88,000 வார்த்தைகளில் அதை எழுதவே இல்லை.