பட்டறைக் காப்புறுதி: தீ மட்டுமா, பேக்கேஜா, தனித்தனியாகவா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் லேத் (கடைசல்) பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களின் செம்பனை ஆலைகளில் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு தேய்ந்தால் வெல்டிங் போட்டு நிரப்பிக் கடைந்து கொடுப்பது, கன்வேயர் பழுது பார்ப்பது, இதுதான் பிழைப்பு. இந்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்க வந்த முகவர் மேசைமேல் மூன்று தாளை வைத்தார். தீக் காப்புறுதி மட்டும், சிறுதொழில் பேக்கேஜ், அல்லது வேண்டியதைத் தனித்தனியாக.

தீ மட்டும் எடுத்தால் மலிவு. ஆனால் அதில் இருப்பது தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளத்துக்குத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். பேராக் ஆற்று ஓரத்தில் தொழில் செய்துகொண்டு, 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியதையும் பார்த்துவிட்டு, இன்னும் வெள்ளத்தைச் சேர்க்காதவர்களை என்ன சொல்வது! நானும் ஒரு காலத்தில் தீ மட்டும்தான் வைத்திருந்தேன். ஒருநாள் லேத் மோட்டார் வைண்டிங் கருகி, பட்டறை முழுக்க வார்னிஷ் வாடை, செம்புக் கம்பியெல்லாம் கரிக்கட்டை. கிளேம் போட்டால், தீப்பிடிக்கவில்லையே, மின்கோளாறில் மோட்டார் தானே கெட்டதற்கு இதில் இடமில்லை என்று கடிதம் வந்தது. பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் அச்சடித்திருந்தது, நான்தான் படிக்கவில்லை.

பேக்கேஜ் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். தீ, வெள்ளம், திருட்டு, பணம், பொதுப் பொறுப்பு (நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு) எல்லாம் ஒரே தாளில். சாமான் விற்கும் கடைக்கு இது போதும். நம் வேலையில் பாதி பட்டறையில் நடப்பதில்லையே. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் ஆட்களையும் வெல்டிங் செட்டையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அங்கே நம் வெல்டிங் தீப்பொறி ஒன்று செம்பனை நார்க் குவியலில் விழுந்து பற்றிக்கொண்டால் யார் பொறுப்பு? எனக்குக் காட்டிய பேக்கேஜில் பொதுப் பொறுப்பு பட்டறை முகவரிக்கு மட்டும்தான். இன்னொன்று, ஆலை அனுப்பிய ஷாஃப்ட் நம் கையில் வைத்து உடைந்தால், "உங்கள் வசம் இருக்கும் பொருள்" என்று பொதுப் பொறுப்பில் பொதுவாகவே விலக்கிவிடுவார்கள். எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது திருட்டு இல்லை, இந்த இரண்டும்தான்.

தனித்தனியாக எடுத்தால் தாள் கூடும், ஒவ்வொன்றுக்கும் 10 ரிங்கிட் முத்திரை வரி, மேலே 8 விழுக்காடு சேவை வரி. ஆனால் வெளியிடத்து வெல்டிங் வேலையைப் பெயர் சொல்லி எழுதி வாங்கலாம், பட்டறை மூடிக் கிடக்கும் மாதங்களின் வருமான இழப்புக்கும் ஒன்று சேர்க்கலாம். இயந்திரப் பழுதுக் காப்புறுதியை நான் வேண்டாம் என்றேன். இப்போது இருப்பது பழைய கையால் ஓட்டும் லேத், மோட்டாரை உள்ளூரிலேயே சுற்றித் தருகிறார்கள். கடன் போட்டு சிஎன்சி (கணினியில் ஓடும் இயந்திரம்) வாங்கியவர் அதை விடக்கூடாது.

சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம், தனிக் கணக்கு, அது சட்டம். வெளிநாட்டு ஆட்களும் 2019 முதல் அதற்குள் வந்துவிட்டார்கள். ஆனால் தொழிலாளிக்கு இருக்கும் சொக்சோ தனியாள் கடை வைத்திருக்கும் முதலாளிக்குப் பாதுகாப்பு தராது, அதற்கு 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சட்டத்தின் கீழ் தானாகப் பதிந்து கட்ட வேண்டும். சாணைக்கல் தெறித்தால் முதலாளி கண், தொழிலாளி கண் என்று பார்க்குமா?

எதை எடுத்தாலும் தொகையைக் குறைத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம். இயந்திரமும் சரக்கும் 4 லட்சம் ரிங்கிட் பெறும் என்று வையுங்கள், பிரீமியம் மிச்சம் பிடிக்க 2 லட்சத்துக்குப் போடுகிறோம். 60,000 ரிங்கிட்டுக்குச் சேதம் என்றால், 2 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுசாகத் தருவார்கள் என்று நினைப்போம். பாதிக்குத்தான் காப்புறுதி செய்தாய், பாதி நீ ஏற்றுக்கொள் என்று 30,000 தான் வரும். அதிலும் நம் பங்கு என்று விதித்த தொகை கழியும்.

கடைசியில் வெள்ளம் சேர்த்த தீ, வெளியிட வேலையோடு பொதுப் பொறுப்பு, இரண்டையும் தனியாக எடுத்தேன். ஷாஃப்ட் விஷயத்துக்கு முகவர், "அண்ணே, அதெல்லாம் கவர் ஆகும்" என்றார். எந்தப் பக்கத்தில் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன், மூன்று நாளாக நீல டிக் மட்டும் நிற்கிறது.