45,000 ரூபாய் போச்சு: இணையத்தில் பாட்டை மிக்ஸிங்குக்குக் கொடுக்கிறவர்கள் கவனம்

பெயரைப் போட்டால் வேறு பிரச்சினை வரும் என்பதால் போடவில்லை. 'டிராக்கை அனுப்புங்கள், மிக்ஸ் பண்ணித் தருகிறோம்' என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு ஸ்டூடியோ. தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் (இவைதான் டிராக்குகள்) அளவு பார்த்து ஒரே பாட்டாகச் சேர்ப்பதுதான் மிக்ஸிங். அவர்களிடம் 45,000 ரூபாயை விட்டிருக்கிறோம்.

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வெளியிட வேண்டிய பாட்டுகள். முள்ளியவளையில் ஒரு வீட்டறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்துவைத்து உடுக்கு, பறை, ஹார்மோனியம், கோரஸ் என்று ஒவ்வொன்றாகப் பதிந்தோம். காசு, காலபோக நெல் வித்த கையோடு பெடியள் சேர்த்துத் தந்தது.

வீடியோ அழைப்பில் அந்த ஸ்டூடியோ ஆள் திரையைக் காட்டிக் காட்டிக் கதைத்தார். (பஸ் என்பது சில டிராக்குகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் வழி, அப்படிச் சேர்ந்து வருவது சப்மிக்ஸ். கம்பிரசர், சத்தம் கூடும்போது தானாக அமுக்குவது. ஃபேடர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இழுப்பது.) "அண்ணை, பறையையும் உடுக்கையும் ஒரே சப்மிக்ஸுக்குள்ள விட்டால், பறை விழுற நேரமெல்லாம் கம்பிரசர் உடுக்கையும் சேர்த்து அமுக்கிப்போடும். ரெண்டையும் வேற வேற பஸ்ஸுக்கு அனுப்புவம். கோரஸுக்கு ஒரு பஸ். நாளைக்குக் கோரஸைக் குறைக்கச் சொன்னீங்களெண்டா ஒரு ஃபேடரை இழுத்தால் காணும்." சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வேலை தெரிந்தவன் கதைக்கிற கதைதான் அது. 'முழுக்காசும் வந்தால்தான் தொடங்குவம்' என்றார், அன்றிரவே 45,000 ரூபாயும் வங்கியில் போட்டாயிற்று.

வந்த பாட்டில் பறை விழும் இடமெல்லாம் பாடுகிறவரின் குரல் அமுங்கி அமுங்கி எழும்புகிறது. பஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் மாஸ்டரில் (எல்லா ஒலியும் கடைசியாக வந்து சேரும் இடம்) கொட்டி ஒரே லிமிட்டரால் (சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுப்பது) நசுக்கியிருக்கிறார்கள். சரி, சப்மிக்ஸ்களைத் தனித்தனி ஃபைலாகத் தாருங்கள் என்று கேட்டோம். அனுப்பினார்கள். உடுக்கு ஃபைலை மட்டும் ஹெட்போனில் போட்டால், உள்ளே குரல் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்கிறது! உடுக்கைத் தனியாகப் பதிந்தது நாங்கள். அதற்குள் குரல் வர வழியே இல்லை. முடிந்த ஸ்டீரியோ ஃபைலை ஏதோ மென்பொருளில் போட்டுப் பிய்த்து, அதைத்தான் சப்மிக்ஸ் என்று தந்திருக்கிறார்கள்.

கேட்டால் முதலில் 'உங்கட ஹெட்போன் சரியில்லை அண்ணை'. அப்புறம் 'ஹார்ட் டிஸ்க் அடிச்சுப்போட்டுது'. அப்புறம் 'சேர் வெளிநாட்டில, வந்தோன்ன கதைப்பார்'. யார் அந்த சேர்? இதுவரை கதைத்தவர்தான் முதலாளி என்று நினைத்திருந்தோம். இப்போது நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 45,000 ரூபாய்! இதற்குக் கிளிநொச்சியிலேயே தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து செய்வித்திருக்கலாம்.

என்ன என்ன பார்க்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் நினைத்தேன், மனம் ஓடவில்லை. முழுக்காசையும் முதலில் போடாதீர்கள். முதலில் ஒரு பாட்டு மட்டும் கொடுங்கள். காசு முடிக்க முன் சப்மிக்ஸ் ஃபைல்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தனியே கேளுங்கள். புரொஜெக்ட் ஃபைலும் (மிக்ஸ் செய்த வேலையைத் திரும்பத் திறந்து திருத்தக்கூடிய ஃபைல்) தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த ஸ்டூடியோவின் இணையப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, விளம்பரப் படம் அதேதான்.